மாநில வரி ரீஃபண்ட் வரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் பெரும்பாலோர் ஆண்டுதோறும் இரண்டு ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போடுகிறார்கள். ஒன்று மத்திய அரசின் வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு, இன்னொன்று மாநிலத்துக்கு. கூடுதலாகக் கட்டியதற்கு ரீஃபண்டாகத் திரும்ப வரும் ஃபெடரல் (மத்திய அரசு) பணம் வந்து சேர்ந்த பிறகும் மாநிலப் பணம் வராமல் இருக்கும்போதுதான் கவலை ஆரம்பிக்கிறது. உடனே ஐஆர்எஸ் தளத்தில் போய்த் தேடுவார்கள். அங்கே அது தெரியாது. மாநில ரீஃபண்டுக்கு அலுவலகமும் கணினியும் வேறு. கலிஃபோர்னியாவில் ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் போர்டு, நியூஜெர்ஸியில் டிவிஷன் ஆஃப் டாக்ஸேஷன், நியூயார்க்கில் டிபார்ட்மென்ட் ஆஃப் டாக்ஸேஷன் அண்ட் ஃபைனான்ஸ் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தத் துறை, சொந்த ரீஃபண்ட் பக்கம் உண்டு.

அந்தப் பக்கத்தில் வருவது ஒற்றை வரிப் பதில்தான். அதை வைத்து நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே: ரிட்டர்ன் போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்து பரிசீலனையில் நிற்கிறதா, பணம் வழியில் பிடிக்கப்பட்டதா, அல்லது கிளம்பிய பிறகு தொலைந்ததா? எந்தக் கட்டம் என்று தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். முக்கியமாக, பதற்றத்தில் அதே ரிட்டர்னை இன்னொரு முறை அனுப்பிவிடாதீர்கள். ஒரே எஸ்எஸ்என்னில் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இரண்டு ரிட்டர்ன் வந்தால் அது மோசடியா என்று பார்க்கும் வரிசைக்குப் போகும். 3 வாரத்தில் வர வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும்.

தேடுவதற்கு முன் நீங்கள் அனுப்பிய மாநில ரிட்டர்னின் பிடிஎஃப் நகலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பாதிச் சிக்கல்களுக்கு விடை அதிலேயே இருக்கும்.

தளம் உங்களை அடையாளம் காண மறுக்கிறது

எஸ்எஸ்என் சரி, தொகையும் சரி, ஆனாலும் 'விவரம் பொருந்தவில்லை' என்றே வருகிறது. முதலில் தொகையைச் சந்தேகியுங்கள். பலர் ஃபெடரல் ரீஃபண்ட் தொகையைப் போடுகிறார்கள், அல்லது மென்பொருள் முகப்பில் காட்டும் மொத்தத் தொகையைப் போடுகிறார்கள். கேட்பது மாநிலப் படிவத்தின் கடைசியில் உள்ள ரீஃபண்ட் வரி.

கலிஃபோர்னியாவின் 540 படிவத்தில் 97ஆம் வரி கூடுதலாகக் கட்டிய வரி. அதில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கியிருந்தாலோ, நன்கொடைக் கட்டங்களில் ஏதாவது எழுதியிருந்தாலோ, கைக்கு வரும் தொகை குறையும். அந்தக் கடைசித் தொகை 115ஆம் வரியில் இருக்கிறது. தளம் எதிர்பார்ப்பது அதைத்தான். சென்ட், காற்புள்ளி, டாலர் குறி எதுவும் வேண்டாம். முழு டாலர் மட்டும். கலிஃபோர்னியா அஞ்சல் முகவரியில் உள்ள எண்களையும் ஜிப் கோடையும் கூடக் கேட்கும். ரிட்டர்ன் போட்ட பிறகு வீடு மாறியிருந்தால், புதிய முகவரி அல்ல, ரிட்டர்னில் எழுதிய பழைய முகவரியையே கொடுங்கள்.

மிச்சிகன் போன்ற மாநிலங்கள் ரீஃபண்ட் தொகைக்குப் பதிலாக ஏஜிஐ, அதாவது சரிக்கட்டிய மொத்த வருமானத்தைக் கேட்கும். எனவே கட்டத்தின் பெயரை நிதானமாகப் படியுங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து போட்ட ரிட்டர்ன் என்றால், படிவத்தில் முதலில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய எஸ்எஸ்என்னைக் கொடுக்க வேண்டும். ஆண்டையும் பாருங்கள். 2026 ஏப்ரலில் போட்ட ரிட்டர்ன் 2025ஆம் வரி ஆண்டுக்கானது.

ரிட்டர்ன் வந்ததாகவே பதிவு இல்லை

விவரமெல்லாம் சரி, ஆனால் அப்படி ஒரு ரிட்டர்னே கிடைக்கவில்லை என்கிறது. காகிதத்தில் அனுப்பியிருந்தால் இதில் வியப்பில்லை. உறையைத் திறந்து, ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றும்வரை தளத்துக்கு அது தெரியாது. நியூஜெர்ஸி மின்னணு ரிட்டர்னுக்குக் குறைந்தது 4 வாரம், காகிதத்துக்குக் குறைந்தது 12 வாரம் என்கிறது. பத்திரமாகப் போகட்டும் என்று சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பியவர்களுக்கு 15 வாரமோ அதற்கு மேலோ ஆகும். அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும், ஆனால் வேகம் குறையும்.

மின்னணு முறையில் அனுப்பியிருந்தால், மென்பொருளுக்குள் போய் மாநில ரிட்டர்னின் நிலையைத் தனியாகப் பாருங்கள். 'ஃபெடரல் ஏற்கப்பட்டது' என்ற மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு இரண்டும் போய்விட்டதாக நினைப்பது சாதாரணமாக நடக்கிறது. பல மென்பொருள்களில் ஃபெடரல் இலவசம், மாநிலத்துக்குக் கட்டணம். அந்தக் கட்டணப் பக்கத்தில் நின்றுபோனால் மாநில ரிட்டர்ன் கிளம்பியே இருக்காது. அப்படியானால் இப்போது அனுப்புவது இரண்டாவது ரிட்டர்ன் ஆகாது; அதுதான் முதல் ரிட்டர்ன். தாராளமாக அனுப்புங்கள்.

நம்மவர்களுக்கு என்றே வரும் ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது. பெயர்தான் அது. இனிஷியலோடு வளர்ந்த நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முன்பெயர் தெரியவில்லை) என்று விழும். எஸ்எஸ்என் அட்டையில் ஒரு மாதிரி, அலுவலகம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2வில் அப்பா பெயர் முன்னே, வங்கியில் பின்னே என்று ஆளுக்கு மூன்று வடிவம் ஆகிவிடுகிறது. மின்னணு ரிட்டர்னை வாங்கும்போது ஐஆர்எஸ் கணினி எஸ்எஸ்என்னோடு கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்தை ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஃபெடரல் ரிட்டர்ன் திரும்பி வரும். பெரும்பாலான மென்பொருள்களில் மாநில ரிட்டர்ன் ஃபெடரலோடு கட்டப்பட்டிருப்பதால் அதுவும் நின்றுவிடும். ரிட்டர்னில் பெயரை எஸ்எஸ்என் அட்டையில் உள்ளபடி, முன்பெயர் எது, கடைசிப் பெயர் எது என்பது மாறாமல், எழுத்துக்கு எழுத்து போடுங்கள். அட்டையே தவறென்றால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் திருத்த வேண்டும். டபிள்யூ-2 தவறென்றால் சம்பளப் பிரிவிடம் டபிள்யூ-2சி என்ற திருத்தப் படிவம் கேளுங்கள்.

வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ முதன்முறையாக ஐடிஐஎன் (எஸ்எஸ்என் பெற முடியாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்) கேட்டு டபிள்யூ-7 படிவத்தை ஃபெடரல் ரிட்டர்னோடு இணைத்தவர்களுக்கு வேறு கணக்கு. ஐடிஐஎன் வர சாதாரணமாக 7 வாரம். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடிய உள்ள நெரிசலில் 9 முதல் 11 வாரம். அந்த எண் கைக்கு வராமல் மாநில ரிட்டர்னை மின்னணு முறையில் முறையாக அனுப்ப வழியில்லை. மின்னணு முறையில்தான் போடுவதென்றால் காத்திருக்க வேண்டும்.

வாரக்கணக்காக 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது

'ஏற்கப்பட்டது' என்றால் உறை வாசலில் வாங்கப்பட்டது என்றுதான் பொருள். கணக்கு சரி என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் சாதாரண மின்னணு ரிட்டர்னுக்கு 3 வாரம் வரையும், காகிதத்துக்கு 3 மாதம் வரையும் ஆகும். அந்தக் காலம் முடியாமல் தொலைபேசியில் அழைத்தால், திரையில் நீங்கள் பார்க்கிற அதே வரியைத்தான் எதிர்முனையில் இருப்பவரும் படித்துச் சொல்வார்.

காலம் கடந்துவிட்டது என்றால், உங்கள் ரிட்டர்ன் ஏதோ ஒரு சோதனையில் நிற்கிறது. மாநிலக் கணினி முதலில் ஒப்பிடுவது, முதலாளி அனுப்பிய பிடித்தத் தொகையையும் நீங்கள் எழுதிய பிடித்தத் தொகையையும். டபிள்யூ-2வை எடுத்து 15, 16, 17ஆம் கட்டங்களைப் பாருங்கள். மாநில வரிப் பிடித்தம் 17இல் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 14ஆம் கட்டத்தில் இருக்கும் எஸ்டிஐ (மாநில உடல்நலக் குறைவுக் காப்பீடு) தொகையையும் சேர்த்து வரிப் பிடித்தமாக எழுதிவிடுவது வழக்கமான பிழை. முதலாளியின் மாநில அடையாள எண்ணைத் தவறாகத் தட்டினாலும் ஒப்பீடு நிற்கும்.

பிழை உங்கள் பக்கம் என்று தெரிந்தால் திருத்த ரிட்டர்ன் போடலாமா? முதல் ரிட்டர்ன் முடியும்வரை பொறுங்கள் என்பதே என் கருத்து. பிழையை மாநிலமே பிடித்துச் சரிசெய்து, மீதியை அனுப்பிவிடுவது உண்டு. நடுவில் திருத்தம் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும்.

தாமதத்துக்கு வட்டி உண்டு. நியூயார்க்கில், கெடு நாளோ நீங்கள் ரிட்டர்ன் போட்ட நாளோ எது பிந்தியதோ அதிலிருந்து 45 நாளுக்குள் ரீஃபண்ட் வராவிட்டால் வட்டி சேரும். அந்த வட்டியை அடுத்த ஆண்டு ஃபெடரல் வருமானத்தில் காட்ட வேண்டும்.

'கடிதம் அனுப்பியிருக்கிறோம்' என்று வருகிறது

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது ஒரு வகையில் நல்ல செய்தி, ஏனென்றால் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது. இனி நீங்கள் பதில் கொடுக்கும்வரை எதுவும் நகராது, கொடுத்த பிறகு நகரும். ஆபத்து, கடிதத்தை விளம்பரத் தபாலோடு சேர்த்துப் போட்டுவிடுவதில்தான்.

ஒரு வகைக் கடிதம் ஆளை உறுதிசெய்யக் கேட்கும். உங்கள் எஸ்எஸ்என்னைத் திருடி வேறு யாராவது ரிட்டர்ன் போட்டிருக்கலாம் என்ற ஐயத்தில் வருவது. ஓஹாயோ சிலருக்கு இணையத்தில் ஒரு வினாடிவினா வைக்கிறது: முன்பு குடியிருந்த முகவரி போன்ற கேள்விகள் வரும். நாட்டுக்கு வந்து ஓராண்டே ஆனவர்களுக்கு இது சங்கடம், கேட்பதற்கு அவர்களிடம் பழைய வரலாறே இருக்காது. அப்படி என்றால் ஆவண நகல் அனுப்பும் வழியைக் கடிதத்திலேயே தேடுங்கள்.

இன்னொரு வகை, சான்று கேட்பது. நியூயார்க்கின் டிடிஎஃப்-948 இப்படிப்பட்டது. கேட்டதை மட்டும், கேட்ட வரிசையில், கடிதத்தின் நகலோடு அனுப்புங்கள். முடிந்தால் இணையக் கணக்கு வழியாகவே ஏற்றுங்கள்; ஏற்றிய தேதிக்குப் பதிவு இருக்கும். ஒருமுறை அனுப்பிவிட்டு, ஐயப்பட்டு மறுபடியும் அனுப்பாதீர்கள்.

நியூஜெர்ஸியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கடிதம் அதிகம் வரக் காரணம் உண்டு. இந்த இரண்டு மாநிலங்களுக்கும் இடையே வரி உடன்பாடு கிடையாது. நியூயார்க்குக்கு வெளிமாநிலத்தவருக்கான ஐடி-203 படிவம், நியூஜெர்ஸிக்கு குடியிருப்பாளர் ரிட்டர்ன், அதில் நியூயார்க்கில் கட்டிய வரிக்குக் கழிவு. கழிவைச் சரிபார்க்க நியூஜெர்ஸி உங்கள் நியூயார்க் ரிட்டர்னின் நகலைக் கேட்கும். அதனால் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

கேட்டதைவிடக் குறைவாக வந்தது

இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். கணக்கை மாற்றியிருக்கிறார்கள், அல்லது உங்கள் பணத்தை ஒரு கடனுக்குப் பிடித்திருக்கிறார்கள்.

கணக்கு மாறியது என்றால் விளக்கக் கடிதம் வரும். மேலே சொன்ன நியூயார்க் பயணிகளுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வாரத்தில் சில நாள் நியூஜெர்ஸி வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன், அந்த நாள்களின் சம்பளம் நியூயார்க்குக்கு உரியதல்ல என்று கழித்து, பெரிய ரீஃபண்ட் கேட்பார்கள். நியூயார்க் அதை ஏற்பதில்லை. முதலாளியின் தேவைக்காக அல்லாமல் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து பார்த்த நாளும் நியூயார்க் நாளே என்பது அவர்கள் விதி. டபிள்யூ-2வின் 16ஆம் கட்டத்தில் நியூயார்க் சம்பளமாக முழுத் தொகையும் இருக்கும், ஏனென்றால் ஃபெடரல் தொகையையே அங்கே எழுதச் சொல்கிறது மாநிலம். ஆகவே நாள் கணக்குப் போட்டுக் குறைத்த ரிட்டர்ன் கணினியில் உடனே தனித்துத் தெரியும். உண்மையிலேயே வேறு மாநிலத்தில் முதலாளியின் அலுவலகத்தில் வேலை பார்த்த நாள்கள் என்றால், முதலாளியிடம் கடிதமும் பயணச் சான்றும் வாங்கி வைத்து வாதாடலாம்.

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் நியூஜெர்ஸிவாசிகள் நிலை நேரெதிர். அந்த இரண்டுக்கும் இடையே உடன்பாடு இருப்பதால் சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலத்தில் மட்டும் வரி. தவறுதலாகப் பென்சில்வேனியா வரி பிடித்திருந்தால் அங்கே ரிட்டர்ன் போட்டு முழுவதையும் திரும்பக் கேட்கலாம். இனிமேல் பிடிக்காமல் இருக்க ரெவ்-419 படிவத்தைச் சம்பளப் பிரிவிடம் கொடுங்கள்.

கடனுக்குப் பிடித்தது என்றால், மாநில வரித் துறையோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் பிடித்துக் கொடுத்தவர்கள் மட்டும். கலிஃபோர்னியாவில் பிற அரசு அமைப்புகளும் மாநிலக் கல்லூரிகளும் தங்களுக்கு வர வேண்டிய பாக்கியை ரீஃபண்டிலிருந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. பழைய பார்க்கிங் அபராதம் கூட இப்படிப் போகும். ஐஆர்எஸ்ஸுக்குப் பாக்கி இருந்தால் அவர்களும் மாநில ரீஃபண்டை எடுக்கலாம். அப்போது சிபி92 என்ற அறிவிப்பு வரும். கடிதத்தில் எந்த அமைப்பு என்று பெயர் இருக்கும். அந்த அமைப்பையே நேரடியாகக் கூப்பிடுங்கள்.

'அனுப்பிவிட்டோம்' என்கிறது, கணக்கில் இல்லை

தளம் காட்டும் தேதி பணம் கிளம்பிய தேதி. வங்கியில் ஏறச் சில வேலை நாள் ஆகும். அது கடந்தும் வராவிட்டால் ரிட்டர்ன் நகலில் உள்ள ரௌட்டிங் எண் (வங்கியைக் குறிப்பது), கணக்கு எண் இரண்டையும் ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள்.

அங்கே உங்களுக்குத் தெரியாத கணக்கு எண் இருக்கிறதா? திருட்டு என்று முடிவுகட்டுவதற்கு முன் யோசியுங்கள்: மென்பொருள் கட்டணத்தையோ ஆடிட்டர் கட்டணத்தையோ 'ரீஃபண்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னீர்களா? அப்படியானால் பணம் முதலில் ஓர் இடைநிலை வங்கிக்குப் போய், கட்டணம் கழிந்து, பிறகு உங்களுக்கு வரும். அப்படி எதுவும் சொல்லவில்லை, எண்ணும் உங்களுடையது இல்லை என்றால் அன்றைக்கே ரிட்டர்ன் தயாரித்தவரையும் மாநிலத் துறையையும் கூப்பிடுங்கள்.

கணக்கு மூடப்பட்டிருந்தால் வங்கி பணத்தைத் திருப்பி அனுப்பும். மாநிலம் பிறகு காசோலை அடித்து, தன்னிடம் உள்ள முகவரிக்குத் தபாலில் போடும். அந்த முகவரி பழையதென்றால் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கிறது: அரசுக் காசோலைகளை எல்லாத் தபால் நிலையங்களும் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவதில்லை. தபால் நிலையத்தில் முகவரி மாற்றினால் போதாது, வரித் துறையிலும் மாற்றுங்கள். கலிஃபோர்னியாவில் அதற்கு எஃப்டிபி 3533 படிவம்.

ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு இது இன்னும் கடினம். நியூயார்க் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குக்கு ரீஃபண்டை நேரடியாகப் போடாது. காசோலை சென்னைக்கோ மதுரைக்கோ வந்து சேர்ந்தாலும் இங்குள்ள வங்கிக் கிளை அதை வாங்கி மாற்றித் தருவது எளிதல்ல. கடைசி ரீஃபண்ட் வந்து சேரும்வரை அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாதீர்கள். கிளம்பும் ஆண்டுக்கான ரிட்டர்னை அடுத்த ஆண்டுதான் போடப் போகிறீர்கள் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

'உங்கள் ரீஃபண்ட் தயார்' என்று குறுஞ்செய்தி வந்தது

தொடாதீர்கள். 2025இல் பல மாநிலங்களின் வரித் துறைகள் இந்தப் போலிச் செய்திகளைப் பற்றி எச்சரித்தன. இணைப்பைத் தட்டினால் அசல் போலவே ஒரு பக்கம் வரும், வங்கி விவரம் கேட்கும், 'இத்தனை மணி நேரத்துக்குள் தராவிட்டால் ரீஃபண்ட் ரத்து' என்று மிரட்டும். குறுஞ்செய்தி அனுப்பி வங்கி எண் கேட்கும் வரித் துறை எதுவும் இல்லை. ரீஃபண்ட் பக்கத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டிப் போங்கள்; பெரும்பாலான மாநிலங்களில் அது 'டாட் கவ்' (.gov) என்று முடியும். இடையில் 'கவ்' வந்து வேறு எதிலோ முடியும் முகவரிகள் போலி. விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், பிறகு மாநிலத் துறையை.

எதுவும் நகரவில்லை

காலம் கடந்துவிட்டது, கடிதத்துக்குப் பதிலும் கொடுத்தாயிற்று, இன்னும் அதே வரிதான் என்றால் இப்போது தொலைபேசி. ரிட்டர்ன் நகல், டபிள்யூ-2, வந்த கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். 'எப்போது வரும்' என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்களிடம் விடை இருக்காது. 'எந்தப் பிரிவில் நிற்கிறது, என்னிடமிருந்து ஏதாவது பாக்கி இருக்கிறதா, நான் அனுப்பியது பதிவாகியிருக்கிறதா' என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஆடிட்டர் பேச வேண்டுமென்றால் அவருக்கு பவர் ஆஃப் அட்டர்னி படிவம் கொடுத்திருக்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்ஸி மூன்றிலும் வரி செலுத்துவோர் சார்பாகப் பேசவே ஒரு தனி அலுவலகம் இருக்கிறது. வழக்கமான வழிகளையெல்லாம் முயன்ற பிறகு அங்கே எழுதலாம். உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகமும் இதில் உதவும். ஓட்டுரிமை இல்லாத விசாக்காரர்கள் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. அந்தத் தொகுதியில் குடியிருக்கிறீர்கள், வரி கட்டுகிறீர்கள், அது போதும்.

டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், டென்னசி, நெவாடா, அலாஸ்கா, வயோமிங், தெற்கு டகோட்டா, நியூ ஹாம்ப்ஷையர் ஆகிய 9 மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. டாலஸில் ஆண்டு முழுவதும் இருந்தவர் மாநில ரீஃபண்டைத் தேடினால் கிடைக்காது. நடு ஆண்டில் நியூஜெர்ஸியிலிருந்து டாலஸுக்கு மாறியவருக்கு, மாறுவதற்கு முந்தைய மாதங்களுக்கான ரிட்டர்ன் நியூஜெர்ஸியில் இருக்கிறது. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ரீஃபண்ட் வந்த அடுத்த ஜனவரியில் கொடுத்த ரீஃபண்டைக் காட்டும் 1099-ஜி படிவம் மாநிலத்திடமிருந்து வரும், அல்லது மாநிலத் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். முந்தைய ஆண்டு ஃபெடரல் ரிட்டர்னில் ஸ்டாண்டர்ட் கழிவு (அரசு நிர்ணயித்த நிலையான தொகை) எடுத்திருந்தால் அந்தத் தொகைக்கு ஃபெடரல் வரி இல்லை. ஐட்டமைஸ் செய்து, அதாவது செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு, மாநில வருமான வரியைக் கழித்திருந்தால் மட்டும், அதில் எவ்வளவு வருமானமாகச் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். கைக்குப் பணமே வராமல் அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிய தொகையும் அந்தப் படிவத்தில் ரீஃபண்டாகவே இருக்கும்.